வலிக்கு அங்கே என்ன பேர்?



போன மாதம் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பிள்ளை சவூதி அரேபியாவுக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்புகிறது. பட்டாசாலையில் பெட்டி திறந்து கிடந்தது. அம்மாவும் அயித்தையும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, உப்பு நார்த்தங்காய், சுண்ட வத்தல். கடைசியாக, பாலித்தீன் பையில் இரண்டு முடிச்சுப் போட்டு, வறுத்துத் திரித்த கறிமசால் பொடி. அதைப் பார்த்ததும் பிள்ளை கேட்டது: "இதுல கசகசா போட்டிருக்கியாம்மா?"

"போடாம? கசகசா இல்லாம குழம்பு எப்படிடி கூடி வரும்?"

அந்தப் பை பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது. நம் பலசரக்குக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கிற கசகசா, அபின் எடுக்கிற செடியின் விதை. சவூதி, அமீரகம் போன்ற வளைகுடா நாடுகளில் அது தடை செய்யப்பட்ட பொருள். பையில் கசகசா இருந்ததற்காக விமான நிலையத்திலேயே கைதானவர்கள் உண்டு. பிள்ளை இதைச் சொல்லச் சொல்ல, அந்த அம்மா பொடியை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "நம்ம குழம்பு அங்க குத்தமா?"

அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. நானும் பேசாமல்தான் எழுந்து வந்தேன். இந்த மாதப் பக்கத்தை அந்த அம்மாவையும் பிள்ளையையும் நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

மதுரையைச் சுற்றி இருபது முப்பது மைலுக்குள் நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் 'எங்க வீட்டுப் பிள்ளை வெளிநாட்டுல நர்ஸா இருக்கு' என்று சொல்லும் வீடு ஒன்றாவது இருக்கும். அரசு நர்சிங் கல்லூரி இங்கே மதுரை மருத்துவக் கல்லூரியோடு இருக்கிறது. பசுமலையிலும் வண்டியூரிலும் தனியார் கல்லூரிகள். படித்து முடிப்பவர்களை எதிர்கொள்ள ஊரெல்லாம் கோச்சிங் சென்டர் போர்டுகள்: ஐஇஎல்டிஎஸ், ஓஇடி என்கிற ஆங்கிலத் தேர்வுகள், வளைகுடா வேலைக்கான பிரோமெட்ரிக், ஜெர்மன் மொழியில் பி2 நிலை. ரேஸ்கோர்ஸ் ரோடு பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். வரிசையில் நிற்கும் இளம் பெண்களின் கையில் இருக்கும் ஃபைலைப் பார்த்தாலே நர்சிங் முடித்த பிள்ளை என்று தெரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகத்தில் இருக்கும் நர்ஸுகள் 2 கோடியே 98 லட்சம் பேர். அவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வேலை பார்க்கிறார். இன்னும் 58 லட்சம் பேர் தேவைப்படுகிறார்கள். அதனால் இந்தப் பயணம் இப்போதைக்கு நிற்கப் போவதில்லை.

பரீட்சை பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இங்கிலாந்து என்றால் சிபிடி என்கிற கம்ப்யூட்டர் பரீட்சை, அப்புறம் ஓஸ்கி என்கிற செய்முறைப் பரீட்சை, அப்புறம் 'பின்' என்கிற பதிவு எண் வந்துவிட்டதா என்ற விசாரிப்பு. வளைகுடா என்றால் சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்கிற டேட்டாஃப்ளோவும் பிரோமெட்ரிக்கும். ஜெர்மனி என்றால் 'அனெர்கென்னுங்' என்கிற அங்கீகாரம். அது வரும் வரை உதவியாளர் வேலைதான். இதையெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறது. வேறு நாட்டுப் பண்பாடு என்றதும் நாம் சாப்பாட்டையும் உடுப்பையும் குளிரையும் பேசுகிறோம். ஒரு நர்ஸுக்குப் பண்பாடு முதலில் மோதுகிற இடம் கட்டிலின் ஓரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. படுத்திருப்பவர் தன் வலியை எந்த வார்த்தையில் சொல்கிறார், எந்த வார்த்தையில் மறைக்கிறார் என்பதுதான் அங்கே முதல் பாடம்.

இதை எனக்குக் காட்டியது நம் பெரியாஸ்பத்திரி. 1940-ல் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்ற பெயரில் தொடங்கி, இன்று அரசு ராஜாஜி மருத்துவமனையாக இருக்கிற அதே பெரியாஸ்பத்திரி. சில வருடங்களுக்கு முன் என் அம்மாவைச் சேர்த்திருந்தபோது ராத்திரியெல்லாம் வார்டில் கிடந்தேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். சாயங்காலத்திலிருந்தே "நெஞ்சு கரிக்குது தாயி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாத்திரை கொடுத்திருந்தார்கள். பத்தரை மணி இருக்கும், டியூட்டி சிஸ்டர் சுற்றி வந்தார். வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. பெரியவரின் முகத்தைப் பார்த்தவர் நின்றார். "இப்பவும் கரிக்குதா தாத்தா? இல்ல அடைக்குதா?" என்று கேட்டார்.

பெரியவர் யோசித்தார். "கரிச்சாப்புலதான் இருந்துச்சு. இப்ப அடைக்குது தாயி."

அடுத்த நிமிடம் ஈசிஜி மெஷின் வந்துவிட்டது, டாக்டரும் வந்துவிட்டார். அவரை இதய வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கரிக்குது என்ற சொல்லுக்கும் அடைக்குது என்ற சொல்லுக்கும் நடுவில் ஒரு உயிர் இருந்ததை நான் அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். அந்தச் சிஸ்டருக்கு அது பாடப்புத்தகத்திலிருந்து வந்திருக்காது. வீட்டில் அப்பத்தா சொல்லியும் ஊரில் நாலு பேர் சொல்லியும் காதில் விழுந்து விழுந்து வந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் வலிக்கு எத்தனை பெயர்! குத்துது, கடுக்குது, உளையுது, காந்துது, பிசையுது, பொருமுது. விண்ணு விண்ணுனு தெறிக்குது என்றால் ஒன்று, சுருக்கு சுருக்குனு குத்துது என்றால் வேறொன்று. மூட்டு உளையும், வயிறு பிசையும், மிளகாய் பட்ட கை காந்தும், கால் மதமதவென்று இருக்கும், தலை கிறுகிறுன்னு வரும். வார்டுக்கு வரும் ஒவ்வொரு கிராமத்து மனுஷியும் இந்தச் சொற்களைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருகிறாள். காந்துது என்றால் புண்ணா, நரம்பா, நீர்க்கடுப்பா என்று இடத்தையும் முகத்தையும் பார்த்துப் புரிந்துகொள்கிற காது நம் நர்ஸுகளுக்கு இருக்கிறது. அந்தக் காதோடுதான் அவர்கள் விமானம் ஏறுகிறார்கள். போய் இறங்கும் இடத்தில் சொற்கள் அத்தனையும் வேறு.

அங்கே போனதும் கையில் கொடுக்கப்படுவது ஒரு அளவுகோல். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலிக்கு எத்தனை மார்க்? உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் இதுதான் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் அந்த எண்ணைச் சொல்கிறவர் எந்த ஊர் மனிதர் என்பது தெரிய வேண்டும். வளைகுடாவில் வயதான ஒருவரிடம் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டால் 'அல்ஹம்துலில்லாஹ்' என்பார். இறைவனுக்கே புகழ் என்று பொருள். நன்றாக இருந்தாலும் அதுதான் பதில், வலியில் துடித்தாலும் அதுதான் பதில். அதை நலம் என்று எழுதிவிட்டுப் போகிற நர்ஸ் வலியைத் தவறவிடுவாள். நின்று, 'வேன் அல்வஜா', வலி எங்கே என்று அவர் மொழியிலேயே கேட்கிற நர்ஸுக்குத்தான் கை மெல்ல வயிற்றுப் பக்கம் நகரும். இங்கிலாந்தின் முதியவர்கள் வேறு மாதிரி. 'பரவாயில்லை, குறை சொல்லக் கூடாது' என்கிற பாணியில் வலியைச் சிறிதாக்கித்தான் சொல்வார்கள். நம் அப்பத்தாக்கள் 'ஒண்ணும் இல்ல தாயி, கெடக்கு' என்று சொல்வதற்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை. அதே முதியவர் 'ஒரு பென்னி செலவழிக்க வேண்டும்' என்று சொன்னால் கடைக்குப் போகக் கேட்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் அங்கே பொதுக் கழிப்பறைக் கதவைத் திறக்க ஒரு பென்னி நாணயம் போட வேண்டியிருந்தது. அவர் சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்கிறார், கொஞ்சம் அவசரமாக.

ஜெர்மனியில் ஒருவர் 'மியர் இஸ்ட் ஷ்லெஷ்ட்' என்றால், சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எனக்கு மோசமாக இருக்கிறது' என்று வரும். அவர் சொல்ல வந்தது குமட்டுகிறது என்பதை. கேட்ட உடனே கையில் கிண்ணத்தை எடுக்க வேண்டும். ஜெர்மன் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தைரியம் சொல்ல ஆசைப்படுகிறேன். அந்த மொழியில் மரியாதைக்கு 'ஸீ', நெருக்கத்துக்கு 'டூ' என்று இரண்டு உண்டு. நீங்க, நீ என்று பிறந்ததிலிருந்து பிரித்துப் பேசி வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு அது பழகிய பாதை. துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்காருவதும் நமக்குப் புதிதில்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் தடுமாறுகிற இடத்தில் நம் பிள்ளை தடுமாற வேண்டியதில்லை.

இங்கிலாந்தில்தான் வேறு சங்கடம். எண்பது வயதுப் பெரியவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார். தாத்தா, ஐயா, அப்பத்தா என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு அது வரவே வராது. டாக்டரையும் பல இடங்களில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதைவிடப் பெரிய விஷயம், டாக்டர் எழுதிய மருந்தின் அளவு தப்பு என்று தோன்றினால் அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். நம் வார்டுகளில் சீஃப் ரவுண்ட்ஸ் வரும்போது கேஸ் ஷீட்டோடு எழுந்து நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். அங்கே பேசாமல் இருப்பது மரியாதையாகப் படாது. பொறுப்பில் தவறியதாகவே எடுத்துக்கொள்வார்கள். நம் நர்சிங் கல்லூரிகளுக்கு இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்: மாணவிகளைக் கேள்வி கேட்கப் பழக்குங்கள். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கிற நமக்கும் அது நல்லது.

இன்னொன்று. நம் வார்டில் நோயாளிக்குக் கூட ஒரு ஆள் இருக்கும். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, கஞ்சி ஊட்டி, உடம்பு துடைத்து, தலை சீவிவிடுவது மகளோ மருமகளோ மதினியோதான். நர்ஸ் ஊசி, மருந்து, டிரிப்ஸ், சார்ட் என்று நாற்பது கட்டிலைச் சுற்றுவார். ஐரோப்பாவில் பார்வை நேரம் முடிந்தால் வார்டில் சொந்தக்காரர் யாரும் இல்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் ஆஸ்பத்திரி ஆட்களின் வேலை. ஜெர்மனியில் நர்ஸின் கடமையிலேயே அது சேரும். பி.எஸ்ஸி. முடித்துப் போன பிள்ளைகளில் பலர் முதல் மாதத்தில் இதில்தான் உடைந்துபோகிறார்கள். 'இதுக்காகவா நாலு வருஷம் படிச்சேன்' என்று வீட்டுக்குப் போன் போட்டு அழுகிறார்கள். அந்த அழுகை எனக்குப் புரிகிறது. ஒரு கூட்டத்துக்கு நடுவிலேயே நோயையும் சாவையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, யாருமே வராத ஒரு கிழவியைத் தனியாகக் குளிப்பாட்டுவது முதலில் பயம்தான். இதைத் தாண்டிப் போனவர்கள் எனக்குச் சொன்னது: அந்தக் குளிக்கும் நேரத்தில்தான் அந்த முதியவர்கள் வாய் திறக்கிறார்கள், பாஷையும் அங்கேதான் வருகிறது.

உண்மையைச் சொல்வதிலும் ஊருக்கு ஊர் வழக்கம் மாறுகிறது. நம் ஊரில் புற்றுநோய் என்று தெரிந்ததும் மகன் டாக்டரைத் தனியே கூட்டிப்போய் 'அப்பாகிட்டச் சொல்லிராதீங்க' என்பார். வளைகுடாக் குடும்பங்களிலும் இதைப் பார்க்கலாம். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அந்தச் சேதி முதலில் நோயாளிக்கே உரியது. அவர் அனுமதி இல்லாமல் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லக் கூடாது. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் என் அப்பாவிடம் கடைசி வரை மறைத்தவர்களில் நானும் ஒருவன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதனால் அங்கே அந்த வழக்கத்தைக் கற்றுக்கொண்டு வருகிற பிள்ளைகள் நமக்கும் கொஞ்சம் கற்றுத்தர வேண்டும் என்று விரும்புகிறேன்.

வளைகுடாவுக்குப் போகிற மதுரைப் பிள்ளைக்குப் பாதிப் பாடம் இங்கேயே முடிந்திருக்கிறது. கோரிப்பாளையம் தர்காவைத் தாண்டித்தான் பெரியாஸ்பத்திரிக்கே வருகிறோம். காஜிமார் தெருவும் நெல்பேட்டையும் நம் ஊர்தான். நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு ரமலான் மாதத்தில் பகல் நேரத்தில் நோன்பாளி முன்னால் டிஃபன் பாக்ஸைத் திறக்கக் கூடாது என்று தனியே சொல்லித்தர வேண்டியதில்லை. பெண் நோயாளிக்குத் திரை போட்டுவிட்டுத் தொட வேண்டும், கடைசி நேரத்தில் முகத்தை மக்காவை நோக்கிய கிப்லா திசைக்குத் திருப்பச் சொல்லிக் குடும்பத்தார் கேட்டால் கட்டிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் பக்கத்து வீட்டிலிருந்து தெரிந்த மரியாதைதான்.

வாசகர்களே, நாமும் ஒரு காலத்தில் அந்நியக் கைகளில் படுத்திருந்தவர்கள். இதை நாம் மறந்துவிடுகிறோம். 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் ஃபிராங்க் வான் ஆலன் என்ற அமெரிக்க டாக்டர் இங்கே ஆல்பர்ட் விக்டர் ஆஸ்பத்திரியைக் கட்டினார். அதற்குப் பணம் கொடுத்தவர்களில் உள்ளூர் ஜமீன்தார்களும் வணிகர்களும் இருந்தார்கள். பெண்கள் ஆஸ்பத்திரியை ஹாரியட் பார்க்கர் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் பல பத்தாண்டுகள் நடத்தினார். கீழவெளி வீதியில் இன்று மிஷன் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் இடத்தின் பின்னால் அந்த வரலாறு இருக்கிறது. ஆண் டாக்டர் தொட்டால் குற்றம் என்றிருந்த காலம் அது. திரைக்குப் பின்னால் பிரசவ வலியில் கிடந்த மதுரைப் பெண், வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். 'இடுப்பு வெட்டி வெட்டி இழுக்குதும்மா' என்று அவள் சொன்னதை, அமெரிக்காவில் பிறந்த அந்தக் காது எத்தனை நாளில் பிடித்துக்கொண்டிருக்கும்? தமிழில் தப்பாக ஏதாவது கேட்டிருப்பார், வார்டே சிரித்திருக்கும். ஆனாலும் நம் பாட்டிகள் அவர்களிடம் திரும்பத் திரும்பப் போனார்கள்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இவர்களுக்கும் முந்தைய ஒருவர் இருந்தார். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1847-ல் அங்கே வந்த அமெரிக்க டாக்டர். மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். உடற்கூறுக்கும் அறுவைக்கும் மருந்துக்கும் தமிழில் சொல் தேடித் தேடிச் சேர்த்தார். 'மனுஷ அங்காதிபாதம்', 'இரண வைத்தியம்' என்று தமிழில் மருத்துவ நூல்கள் அவரால் வந்தன. தமிழ் வழியில் மருத்துவர்களைப் பயிற்றுவித்து ஊர் ஊராக அனுப்பினார். 1884-ல் அமெரிக்காவில் தன் சொந்த ஊரில் இறந்தபோதும், கல்லறையில் தமிழர்களுக்கு மருத்துவத் தொண்டு செய்தவன் என்று எழுதச் சொல்லியிருந்தார். படுத்திருப்பவரின் மொழிக்குள் வைத்தியன்தான் நடந்து வர வேண்டும் என்பது அவர் வாழ்ந்து காட்டிய நியாயம். ஜெர்மன் பி2-க்காக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படிக்கிற மேலூர்ப் பிள்ளை அந்த நியாயத்தின் வழியில்தான் இப்போது எதிர்த் திசையில் நடக்கிறது.

வேலூரையும் சொல்லாமல் விடக் கூடாது. அங்கே டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கிய ஆஸ்பத்திரியில் டெலியா ஹூட்டன் என்ற அமெரிக்க நர்ஸ் 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கினார். அதே இடத்தில் 1946-ல் நர்சிங்குக்குப் பட்டப்படிப்பே வந்தது. ஊரார் உடம்பைத் தொடுவதும் ராத்திரி வேலைக்குப் போவதும் குடும்பத்துக்கு அவமானம் என்று பெண்ணைப் பெற்றவர்கள் நினைத்த காலம் அது. இன்று அதே படிப்புக்கு வீட்டை அடமானம் வைத்துச் சேர்க்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் எத்தனை தூரம் வந்திருக்கிறோம்.

அடமானம் என்று சொன்னதால் பணத்தைப் பற்றியும் பேசிவிடுகிறேன். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று, உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016-ல் பரிந்துரைத்தது. சின்ன ஆஸ்பத்திரிக்கே அந்தத் தொகை. நம் ஊரில் அதை எட்டாமல் வேலை பார்க்கிறவர்கள் இன்றும் ஏராளம். அவர்கள் கிளம்புவதை யாரும் பேராசை என்று பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த ஆசையை மோசடி ஏஜென்ட்டுகள் காசாக்குவதைப் பார்த்தால் அதைவிட அதிகமாக வருகிறது. சட்டப்படி ஒரு ரெக்ரூட்டிங் ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். 2015-ல் குவைத் வேலைக்காகக் கேரளத்தில் நடந்த ஒரு மோசடியில், அப்போது 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் தலைக்கு 19.5 லட்சம் வரை வாங்கியதாக சிபிஐ வழக்குப் போட்டது. அந்த வருடம்தான் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸுகளை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு 1978-லிருந்தே அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. 'ஓஎம்சிஎல்' என்று கேட்டால் சொல்வார்கள். யாராவது ஏஜென்ட் வந்தால் அவர் லைசென்ஸ் நம்பரைக் கேட்டு 'இமைகிரேட்' தளத்தில் சரிபாருங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யார் கையிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

கடன் என்ன செய்யும் என்பதற்கு 2014 ஜூலையை நினைத்துப் பாருங்கள். ஈராக்கின் திக்ரித்தில் சண்டைக்கு நடுவே 46 இந்திய நர்ஸுகள் மாட்டிக்கொண்டார்கள். பெரும்பாலோர் கேரளத்துப் பிள்ளைகள். நம் தூத்துக்குடிப் பெண் ஒருவரும் இருந்தார். ஆஸ்பத்திரிக்கு வெளியே குண்டு விழுந்துகொண்டிருந்தபோதும், சம்பளம் வராமல், வாங்கிய கடனை அடைக்காமல் எப்படி ஊர் திரும்புவது என்ற கவலை அவர்களில் பலருக்கு இருந்தது. ஜூலை 5-ஆம் தேதி தனி விமானத்தில் கொச்சியில் வந்து இறங்கியபோது நாடே மூச்சு விட்டது. அவர்களை அங்கே அத்தனை நாள் பிடித்துவைத்ததில் துப்பாக்கிக்கு எத்தனை பங்கு, வட்டிக்கு எத்தனை பங்கு என்று நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

வீட்டில் இருக்கிற நமக்கும் ஒரு வேலை உண்டு. சவூதியில் காலை ஏழரைக்கு நைட் டியூட்டி முடித்து ரூமுக்கு வருகிற பிள்ளைக்கு, நம் ஊரில் அப்போது மணி பத்து. வீடியோ காலில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து 'பணம் போட்டுட்டியா, தம்பி ஃபீஸ் கட்டணும், மாமன் மகனுக்கு விசா பாக்க முடியுமா' என்று வரிசையாகக் கேட்கிறோம். ராத்திரி ஒரு நோயாளி அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தபடி இறந்திருக்கலாம். நம் ஊரில் என்றால் கண்ணை மூடிவிட்டுக் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அங்கே வேறு முறை, வேறு ஜபம். அதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை யாரிடம் சொல்லும்? 'சாப்டியா' என்று நாம் கேட்பது நல்ல கேள்விதான். அதோடு 'இன்னைக்கு வார்டுல யாரு இருந்தா, என்ன சொன்னாங்க' என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நாங்களும் கேட்கப் போகிறோம். அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கத்தை வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் நர்ஸுகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம், ஆண் நர்ஸுகளும் சேர்த்துத்தான். சம்பளத்தையும் விசாவையும் பற்றி வேறெங்கும் எழுதிக்கொள்ளலாம். எங்களுக்கு எழுதி அனுப்ப வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் இருக்கும் ஊரில் வலிக்கு என்ன பேர்? யார், எந்த நேரத்தில், எப்படிச் சொன்னார்கள்? நோயாளியின் பெயரோ அடையாளமோ வேண்டாம். சொல் போதும். மாலத்தீவிலிருந்து எழுதுங்கள், சிங்கப்பூரிலிருந்து எழுதுங்கள். சிங்கப்பூர் வார்டில் தமிழிலேயே முனகுகிற பாட்டிகள் உண்டு, அவர்களுடைய தமிழில் வலி எப்படி இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

அலுவலகத்தில் இதைப் பேசிக்கொண்டிருந்தது எப்படியோ வெளியே போய், முதல் சொல் ஏற்கெனவே வந்துவிட்டது. ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் நம் பக்கத்துப் பிள்ளை அனுப்பியிருக்கிறது. மறதி நோய் முற்றி, பேச்சு எல்லாம் போய்விட்ட ஒரு பாட்டி. தன் பெயர் தெரியாது, மகன் வந்தால் முகம் தெரியாது. ஒரு நாள் ராத்திரி படுக்கையில் சுருண்டு 'ஔவா, ஔவா' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த ஊரில் குழந்தைகள் வலிக்குச் சொல்கிற வார்த்தையாம் அது. பிள்ளை எழுதியதை அப்படியே தருகிறேன்:

"நம்ம வீட்டுல சின்னப் பிள்ளைக்கு அடிபட்டா உவ்வானு சொல்லுவோம்ல, அதே மாதிரிதான் காதுல விழுந்துச்சு. அந்த நேரத்துக்கு ஜெர்மன் ஒண்ணும் வாயில வரல. குனிஞ்சு தமிழ்லயே 'எங்க பாட்டி உவ்வா?'னு கேட்டுட்டேன். என்னையவே பாத்தாங்க. அப்புறம் என் கையப் பிடிச்சு இழுத்து, அவங்க இடுப்புல வச்சாங்க."